மெஷின் ஓடும்போது கரண்ட் போனால்: வாஷிங் மெஷினுக்குப் புதியவர்களுக்கு

வாஷிங் மெஷின் வாங்கிய புதிதில் எல்லோருக்கும் ஒரு முறையாவது இது நடக்கும். துணியைத் திணித்து, பவுடரைப் போட்டு, பட்டனை அழுத்திவிட்டு அப்பாடா என்று உட்கார்ந்து இருபது நிமிடம் ஆகியிருக்காது, கரண்ட் போய்விடும். கதவு திறக்காது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் சட்டைகள் நுரைக்குள் கிடக்கும், மெஷினில் ஒரு விளக்குகூட எரியாது. மெஷின் கெட்டுவிடுமோ, சாயம் ஒட்டிவிடுமோ, தண்ணீர் வழிந்து தரையெல்லாம் நனைந்துவிடுமோ என்று மூன்று பயமும் சேர்ந்தே வரும்.

கரண்ட் போவதால் மட்டும் ஒரு வாஷிங் மெஷின் கெடுவது அபூர்வம். போகிற கரண்டைவிடத் திரும்பி வருகிற கரண்ட்தான் தொந்தரவு. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, உங்கள் மெஷினின் குணம் என்ன என்று அவசரமில்லாத ஒரு நாளில் நீங்களே சோதித்துத் தெரிந்துகொள்வது. அதற்கும் வருகிறேன்.

கரண்ட் போன உடனே

சுவரில் இருக்கிற சுவிட்சை அணைத்துவிடுங்கள். ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்ப்பது, கதவை இழுத்துப் பார்ப்பது எல்லாம் அப்புறம். சுவிட்ச் இல்லாத பிளக் பாயிண்டாக இருந்தால் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு பிளக்கைக் கழற்றுங்கள்.

இதற்கு இரண்டு காரணம். கரண்ட் திரும்பும்போது அந்தப் பகுதி முழுக்க ஃப்ரிட்ஜ், மோட்டார், ஏசி எல்லாம் ஒரே நேரத்தில் உயிர் பெறும், அதனால் முதல் ஓரிரு நிமிடம் வோல்டேஜ் ஏறி இறங்கும், சில சமயம் வந்து, போய், மறுபடி வரும். மெஷினின் எலக்ட்ரானிக் போர்டுக்கு இந்தத் தள்ளாட்டம் ஆகாது. இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். பல மெஷின்கள் கரண்ட் வந்ததும் யாரையும் கேட்காமல் தாமாகவே ஓட ஆரம்பிக்கும். மூடியைத் திறந்து, உள்ளே கை விட்டு, ஈரத் துணியை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போது டிரம் சுற்றினால் என்ன ஆகும்? மூடி திறந்திருந்தால் ஓடாதபடி பெரும்பாலான மெஷின்களில் ஒரு சுவிட்ச் இருக்கும்தான், ஆனால் அந்தச் சுவிட்ச் பழுதாகியிருக்காது என்பதற்கு என்ன உத்தரவாதம். சுவரில் அணைத்துவிட்டால் எந்தக் கேள்வியும் இல்லை.

உள்ளே என்ன நடக்கிறது

தண்ணீர் வழியும் பயத்தை முதலில் விடுங்கள். குழாய்த் தண்ணீரை உள்ளே விடும் வால்வு கரண்ட் இருந்தால் மட்டுமே திறந்திருக்கும், கரண்ட் போன நொடியில் தானாக மூடிக்கொள்ளும். குழாய் முழுசாகத் திறந்து கிடந்தாலும், தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த நேரத்திலேயே கரண்ட் போயிருந்தாலும் டிரம் நிரம்பி வழியாது.

உள்ளே ஏற்கெனவே இருக்கிற தண்ணீர் அங்கேயே நிற்கும். முன்பக்கம் கதவு உள்ள ஃப்ரண்ட் லோடில் தண்ணீரை வெளியே தள்ளுவது ஒரு சின்ன பம்ப், அது நின்றுவிட்டது, அவ்வளவுதான். மேலே மூடி உள்ள டாப் லோடு ஆட்டோமேட்டிக்கில் பலவற்றில் பம்ப் கிடையாது, ஒரு குட்டி மோட்டார் கம்பியை இழுத்து வடிகால் வால்வைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கும், கரண்ட் போனதும் ஸ்பிரிங் அதை மூடிவிடும். அதே கம்பிதான் பிரேக்கையும் விடுவித்து வைத்திருக்கும் என்பதால், வேகமாகப் பிழிந்துகொண்டிருக்கும் டாப் லோடு கரண்ட் போனால் சர்ரென்று சத்தம் போட்டுச் சட்டென நிற்கும். புதியவர்கள் இந்தச் சத்தத்தைக் கேட்டு ஏதோ உடைந்துவிட்டது என்று நினைப்பார்கள். உடையவில்லை, பிரேக் பிடித்திருக்கிறது. ஃப்ரண்ட் லோடு டிரம் பெரும்பாலும் வந்த வேகத்திலேயே சுற்றிச் சுற்றி மெதுவாக அடங்கும்.

ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும். ஃப்ரண்ட் லோடில் கரண்ட் இல்லாதபோதும் தண்ணீர் தானாக வெளியே போகிறது என்றால், அழுக்குத் தண்ணீர்க் குழாயின் முனையைத் தரையில் போட்டு வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அந்த முனை தரையிலிருந்து சுமார் 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்று பெரும்பாலான கையேடுகள் சொல்வது இதற்காகத்தான். தாழ்வாக இருந்தால் துவைக்கும்போதே தண்ணீர் ஒழுகிப்போகும், மெஷின் மறுபடி மறுபடி பிடிக்கும்.

கதவு விஷயத்தில் இரண்டு சாதி உண்டு. ஒரு வகைப் பூட்டில் கரண்ட் ஓடும்போது சூடாகும் ஒரு சின்னப் பொருள் இருக்கும், அந்தச் சூட்டில் ஒரு உலோகப் பட்டை வளைந்து கதவைப் பிடித்துக்கொள்ளும். கரண்ட் போனதும் அது ஆறி, ஓரிரு நிமிடத்தில் டிக் என்று விடும். டிரம் சுற்றி நிற்கிற வரை கதவு திறக்காமல் இருப்பதற்கும் இந்தத் தாமதம்தான் காப்பு. இன்னொரு வகை, ஒரு முறை பூட்டினால் மறுபடி கட்டளை வரும்வரை பூட்டியே இருக்கும். கட்டளை தர கரண்ட் வேண்டும், ஆகவே கரண்ட் வரும்வரை நீங்கள் தலைகீழாக நின்றாலும் திறக்காது. ஆனால் முதல் வகை மெஷினில் ஒரு எச்சரிக்கை: உள்ளே தண்ணீர் இருக்கும்போதே பூட்டு விட்டுவிடும். கண்ணாடியில் தண்ணீர் மட்டம் தெரிகிறதா என்று பார்க்காமல் கதவைத் திறந்தால் நீங்கள் பயந்த அந்த வெள்ளம் உண்மையாகவே வரும்.

எங்கே விட்டோம் என்பது மெஷினுக்கு எப்படித் தெரியும்

இது மெஷினுக்கு மெஷின் மாறும், குழப்பமே இங்கேதான்.

பழைய மாடல் ஆட்டோமேட்டிக் மெஷின்களில் திருகும் குமிழுக்குப் பின்னால் ஒரு மெதுவான மோட்டார் பல்சக்கரத்தை நகர்த்திக்கொண்டிருக்கும். கரண்ட் போனால் அதுவும் நிற்கும், வந்தால் நின்ற இடத்திலிருந்து நகரும். நினைவாற்றல் என்று தனியாக எதுவும் வேண்டாம், குமிழ் நிற்கும் இடமே நினைவு. பக்கத்தில் தனித் தொட்டியில் பிழியும் செமி ஆட்டோமேட்டிக்கில் கதை வேறு. அதன் டைமர் பலவற்றில் சாவி கொடுத்த பொம்மை மாதிரி ஸ்பிரிங்கில் ஓடும், கரண்ட் இருக்கிறதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. கரண்ட் பத்து நிமிடம் போனால் துவைக்காமலேயே பத்து நிமிடம் கழிந்துவிடும். திரும்ப வந்ததும் டைமர் பூஜ்யத்தில் இருந்தால் துவைத்து முடித்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

இப்போது வருகிற எலக்ட்ரானிக் மெஷின்களில் போர்டில் ஒரு சின்ன நினைவகச் சிப் இருக்கும், கரண்ட் இல்லாவிட்டாலும் அதில் எழுதியது அழியாது. கரண்ட் போன கணத்தில் போர்டில் கரண்டைக் கொஞ்சம் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர்களில் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்கு மிச்ச சக்தி இருக்கும். அதற்குள் சில மெஷின்கள் “ரின்ஸ் (அலசல்), இரண்டாவது தடவை” என்று அவசரமாகக் குறித்துவைத்துக்கொண்டு மயங்கும். வேறு சில, ஒவ்வொரு கட்டம் தொடங்கும்போதும் ஒரு முறை குறிக்கும், நடுவில் குறிக்காது. ஏன் ஒவ்வொரு நொடியும் குறித்துவைக்கக் கூடாது என்று கேட்கலாம். இந்த மாதிரி சிப்புகளில் ஒரே இடத்தில் இத்தனை முறைதான் எழுதலாம் என்று வரம்பு உண்டு, ஒரு லட்சம் முறை என்பது சாதாரணமாகச் சொல்லப்படும் அளவு. நொடிக்கு ஒரு முறை எழுதினால் 28 மணி நேரத்தில் அந்த லட்சம் தீர்ந்துவிடும். அதனால்தான் சில மெஷின்கள் துவைப்பதில் 12 நிமிடம் கடந்திருந்தாலும் கரண்ட் வந்ததும் துவைக்கும் கட்டத்தை முதலிலிருந்து தொடங்குகின்றன. கோளாறு இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டியதில்லை, அழுத்த சென்சார் இருக்கிறது, கரண்ட் வந்ததும் பார்த்துக்கொள்ளும்.

கையேட்டில் ஆட்டோ ரீஸ்டார்ட், மெமரி பேக்கப் என்றெல்லாம் போட்டிருப்பது இதைத்தான். பெயர் ஒன்றாக இருந்தாலும் நடத்தை வேறாக இருக்கும். சிலது தானாக ஓடும், சிலது பவர் பட்டனை அழுத்தினால் விட்ட இடத்தைக் காட்டிவிட்டு ஸ்டார்ட்டுக்காகக் காத்திருக்கும், எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் புது மெஷின் மாதிரி முழிப்பதும் உண்டு.

நீங்களே ஒரு சோதனை

ஆகவே கையேட்டை நம்பிக்கொண்டிருக்காமல் ஒரு நாள் சோதித்துவிடுங்கள். துணி போடாமல், பவுடர் போடாமல், இருப்பதிலேயே சின்ன புரோகிராமைக் குளிர்ந்த தண்ணீரில் ஓட விடுங்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சுவரில் அணையுங்கள். அணைத்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், கதவுப் பூட்டு விடும் சத்தம் கேட்கிறதா, எத்தனை நிமிடத்தில் என்று தெரிய வேண்டும். மூன்று நிமிடம் கழித்துப் போடுங்கள். தானாக ஓடுகிறதா, ஏதாவது பட்டன் அழுத்தச் சொல்கிறதா, மிச்ச நேரம் என்று காட்டுவது முன்பு இருந்ததா அல்லது முதலிலிருந்தா? அடுத்து ரின்ஸ் நடக்கும்போது ஒரு முறை, பிழியும்போது ஒரு முறை. கடைசியாக அரை மணி நேரம் அணைத்து வைத்துப் பாருங்கள், குறுகிய வெட்டுக்கும் நீண்ட வெட்டுக்கும் வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும் மெஷின்கள் இருக்கின்றன. இப்படி நாலு முறை அணைப்பதால் மெஷினுக்கு ஒன்றும் ஆகாது. கண்டதைச் சின்னச் சீட்டில் எழுதி மெஷினின் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள், ஏனென்றால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கும் ஞாபகம் இருக்காது, வீட்டில் மற்றவர்களுக்குத் தெரியவே தெரியாது.

கரண்ட் திரும்பி வந்ததும்

உடனே ஓடிப்போய்ப் போடாதீர்கள். விளக்கு மினுக்காமல் ஐந்து, பத்து நிமிடம் நிலையாக எரியட்டும். அப்புறம் சுவிட்சைப் போடுங்கள்.

மெஷின் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் நல்லது, விட்டுவிடுங்கள். மறந்துபோன மெஷினாக இருந்தால் எந்தக் கட்டத்தில் நின்றது என்று நீங்கள்தான் துப்பறிய வேண்டும், அதற்கு பவுடர் டிராயரைத் திறந்து பார்த்தால் போதும். பவுடர் அப்படியே உலர்ந்து இருந்தால் துவைக்கவே ஆரம்பிக்கவில்லை, முதலிலிருந்து போடலாம். பவுடர் காலி, ஆனால் மென்மைக்காக ஊற்றிய திரவம் இன்னும் இருக்கிறது என்றால் துவைப்பதற்கும் கடைசி ரின்ஸுக்கும் நடுவில் நின்றிருக்கிறது. இரண்டும் காலி என்றால் கடைசி ரின்ஸ் வரை போய்விட்டது, பிழிந்தால் போதும்.

நடுவில் நின்றிருந்தால் தண்ணீரைப் பாருங்கள். நுரை கெட்டியாக, தண்ணீர் கலங்கி இருந்தால் இருக்கிற சோப்புத் தண்ணீரிலேயே இன்னும் பத்து நிமிடம் சுற்றவிட்டு அலசுவது ஆசைதான், ஆனால் புதிதாக முழு புரோகிராம் போட்டால் பல மெஷின்கள் முதலில் அந்தத் தண்ணீரை வெளியேற்றிவிட்டு நல்ல தண்ணீர் பிடிக்கும். அதனால் ரின்ஸும் ஸ்பின்னும் (பிழிவதும்) மட்டும் தேர்ந்தெடுங்கள். பத்து நிமிடம் துவைத்து ஒரு மணி நேரம் சோப்பில் ஊறிய துணிக்கு பெரும்பாலும் அதுவே போதும். மறுபடி பவுடர் போடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு: துணியில் ஏற்கெனவே சோப்பு இருக்கிறது, இரட்டிப்பானால் நுரை பொங்கி, ரின்ஸ் மேல் ரின்ஸ் போட வேண்டிவரும்.

பிழியும்போது நின்றிருந்தால் துணி டிரம்மின் ஒரு பக்கமாகக் கட்டியாக ஒட்டியிருக்கலாம். திரும்ப ஸ்பின் போட்டதும் மெஷின் எழுந்து நடக்கப் பார்க்கும், அல்லது சமநிலை இல்லை என்று மெதுவாகவே சுற்றிக்கொண்டிருக்கும். அணைத்து, கதவைத் திறந்து, துணியை உதறிப் பரப்பிவிட்டுப் போடுங்கள்.

விளக்கெல்லாம் எரிகிறது, ஒரு பட்டனும் வேலை செய்யவில்லை என்றால் பதறுவதற்கு முன் சைல்டு லாக்கைப் பாருங்கள், குழந்தைகள் அழுத்தினாலும் ஒன்றும் ஆகாதபடி பட்டன்களைப் பூட்டி வைக்கும் வசதி அது. கரண்ட் போய் வந்தாலும் அந்தப் பூட்டு சில மெஷின்களில் அப்படியே இருக்கும். நான் ஒரு முறை அரை மணி நேரம் பட்டன்களோடு மல்லுக்கட்டி, போர்டு போய்விட்டது என்றே முடிவுசெய்து மெக்கானிக்குக்குப் படம் எடுத்து அனுப்பினேன். “ஓரத்தில் சின்னக் குழந்தை முகம் எரியுது பாருங்க” என்று ஒரு வரியில் பதில் வந்தது. அதோடு சரி. லாக்கும் இல்லை, வேறு ஏதோ விசித்திரமான எழுத்து காட்டுகிறது என்றால் பிளக்கைக் கழற்றிப் பத்து நிமிடம் விட்டுப் போட்டுப் பாருங்கள், அதற்கும் மசியாவிட்டால்தான் ஆளைக் கூப்பிட வேண்டும்.

கரண்ட் வரவே இல்லை என்றால்

இரண்டு மூன்று மணி நேரம் துணி தண்ணீரில் கிடப்பதால் ஒன்றுமில்லை, ஊற வைத்த மாதிரி. சாயம் போகும் துணியும் வெள்ளையும் கலந்து போட்டிருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். ராத்திரி முழுக்கக் கிடந்தால் அந்த ஈர நாற்றம் வரும், அது கிருமிகள் பெருகியதால் வருவது, வெயிலில் போட்டால் போய்விடும் என்று அப்படியே உலர்த்தாதீர்கள், மறுபடி துவைத்துத்தான் ஆக வேண்டும்.

செமி ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. டிரெயின் குமிழ் வெறும் கயிறு இழுப்பதுதான், கரண்ட் இல்லாமலே தண்ணீர் போகும், கையால் அலசிப் பிழிந்துகொள்ளலாம். டாப் லோடிலும் மூடி பூட்டாத மாடலாக இருந்தால் துணியை எடுத்துவிடலாம், தண்ணீர் மட்டும் நிற்கும், நிற்கட்டும்.

ஃப்ரண்ட் லோடுதான் கொஞ்சம் பாடு. சூடான தண்ணீரில் துவைத்துக்கொண்டிருந்தால் முதலில் ஆறவிடுங்கள், 60 டிகிரி தண்ணீர் கையில் பட்டால் வெந்துவிடும், உள்ளே மூடிய டிரம்மில் அது சீக்கிரம் ஆறாது. அப்புறம் முன்பக்கம் கீழே ஒரு சின்ன மூடி இருக்கும், அதைத் திறந்தால் வட்டமான ஃபில்டர் மூடி தெரியும், பக்கத்தில் அடைப்பு போட்ட மெல்லிய குழாயும் இருக்கலாம். குழாய் இருந்தால் அதன் அடைப்பை எடுத்துத் தட்டையான தட்டில் வடியுங்கள். இல்லாவிட்டால் ஃபில்டரை முழுசாகக் கழற்றாமல், தண்ணீர் கசியும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் திருகுங்கள். தட்டு நிரம்பியதும் இறுக்குங்கள், கொட்டிவிட்டு வாருங்கள், மறுபடி. உள்ளே பத்து லிட்டருக்கு மேல் இருக்கலாம், தட்டு ஒரு லிட்டர்தான் பிடிக்கும், கணக்கு போட்டுக்கொள்ளுங்கள். சுற்றிலும் பழைய துண்டைப் போட்டு வைப்பது உங்கள் இடுப்புக்கு நல்லது.

தண்ணீர் போன பிறகும் கதவு திறக்கவில்லையா? பல மாடல்களில் அதே கீழ் மூடிக்குள் ஒரு சின்ன நாக்கு அல்லது கயிறு இருக்கும், அதைக் கீழே இழுத்தால் பூட்டு விடும். எல்லா மெஷினிலும் இது கிடையாது. இல்லையென்றால் கத்தி, ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பாதீர்கள், ரப்பர் வளையமோ கொக்கியோ உடைந்தால் அந்தச் செலவு நனைந்த நாலு சட்டையைவிட அதிகம்.

லோ வோல்டேஜ், ஸ்டெபிலைசர், இன்வெர்ட்டர்

முழுசாகப் போகிற கரண்டைவிட அரைகுறையாக வருகிற கரண்ட் மோசம். சாதாரண இண்டக்ஷன் மோட்டாரின் இழுவிசை வோல்டேஜின் இருபடிக்கு ஏற்பக் குறையும், அதாவது வோல்டேஜ் 20 சதவீதம் குறைந்தால் இழுவிசை 64 சதவீதம்தான் மிஞ்சும். ஈரத் துணியோடு டிரம்மைச் சுற்ற முடியாமல் மோட்டார் உம் என்று முனகிக்கொண்டு சூடாகும். விளக்கு மங்கலாக எரிந்தால், மெஷினில் அந்த முனகல் கேட்டால், கரண்ட் போகும்வரை காத்திருக்காமல் நீங்களே அணைத்துவிடுங்கள்.

ஸ்டெபிலைசர் வோல்டேஜைச் சரிசெய்யும், போன கரண்டைக் கொண்டுவராது. வாங்குவதாக இருந்தால், கரண்ட் வந்த பிறகு சில நிமிடம் தாமதித்து வெளியே விடும் வசதி உள்ளதாகப் பாருங்கள், நான் மேலே சொன்ன காத்திருக்கும் வேலையை அது செய்யும். இடி மின்னலுக்கு மட்டும் ஸ்டெபிலைசரை நம்ப வேண்டாம், பிளக்கைக் கழற்றுவதுதான் வழி.

மெஷின் பெட்டியில் “இன்வெர்ட்டர்” என்று போட்டிருப்பதற்கும் வீட்டில் பேட்டரியோடு வைத்திருக்கிற இன்வெர்ட்டருக்கும் சம்பந்தம் இல்லை. முதலாவது, மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் முறை. கரண்ட் போனால் அந்த மெஷினும் நிற்கும். பேட்டரி இன்வெர்ட்டரில் மெஷினை ஓட்ட முடியுமா என்றால், தண்ணீர் சூடாக்கும் ஹீட்டர் உள்ள மெஷின் சூடாக்கும் நேரத்தில் மட்டும் 2000 வாட் அளவுக்கு இழுக்கும், சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் அதைத் தாங்காது. குளிர்ந்த தண்ணீரில் ஓட்டினால் மோட்டாருக்குச் சில நூறு வாட்டே போதும், ப்யூர் சைன் வேவ் வகை, அதாவது வீட்டுக் கரண்ட் மாதிரியே சீரான அலை தரும் இன்வெர்ட்டராக இருந்து, அதன் திறனும் போதுமானதாக இருந்தால் ஓடும். சதுர அலை தரும் மலிவு வகையில் போடாதீர்கள், மோட்டார் இரையும், போர்டும் குழம்பும். புரோகிராமின் வெப்பநிலையை நீங்கள் கையால் “கோல்டு” என்று மாற்றினீர்களா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள், பல புரோகிராம்கள் கேட்காமலே 40 டிகிரிக்குச் சூடாக்கும்.

அடிக்கடி கரண்ட் போகும் இடமென்றால்

இரண்டரை மணி நேரம் ஓடும் காட்டன் புரோகிராமை மறந்துவிடுங்கள். லேசான அழுக்குக்கு 15 முதல் 30 நிமிட குயிக் வாஷ், டிரம்மில் பாதிக்கும் குறைவாகத் துணி. கெட்டியான அழுக்கு என்றால் வாளியில் ஊறவைத்துவிட்டு அதே குயிக் வாஷில் போடலாம், ஊறும் நேரத்துக்குக் கரண்ட் தேவையில்லையே. கரண்ட் போகும் நேரம் முன்கூட்டியே தெரிந்தால் பிழிவதை அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், பாதி ஈரமாகத் தொங்கும் துணியைவிட கனமானது எதுவும் இல்லை.

ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் முடிந்திருக்க வேண்டும் என்று டைமர் வைப்பவர்கள் கவனிக்க. தாமதத் தொடக்கம் வைத்திருக்கும்போது கரண்ட் போனால், நின்ற எண்ணிக்கையிலிருந்து தொடர்கிற மெஷினும் உண்டு, மொத்தமாக மறந்துவிடுகிற மெஷினும் உண்டு. முதல் வகையில் இரண்டு மணி நேரம் கரண்ட் போனால் துணி இரண்டு மணி நேரம் தாமதமாக வரும், இரண்டாவது வகையில் காலையில் கதவைத் திறந்தால் பவுடர்கூடக் கரையாமல் நேற்று போட்ட அழுக்கு அப்படியே இருக்கும். மேலே சொன்ன சோதனையில் இதையும் ஒரு தடவை சேர்த்து, அந்தச் சீட்டிலேயே எழுதிவிடுங்கள்.